கயிறடித்த இரவுகள்

2025 ஜூன் 2, திங்கள்

மணி 12.50. வீட்டில் எல்லோரும் நித்திரை. எனக்குக் கண் மூடவில்லை. தலையணையில் காதை வைத்தால் நாடி துடிப்பது கேட்கிறது. களைப்பு இல்லாமல் இல்லை, கெண்டைக்கால் இரண்டும் கனக்கின்றன. ஆனால் நெஞ்சுக்குள் யாரோ இன்னும் கயிறடித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது.

போன மாதம் இரத்தம் சோதித்தபோது எச்பிஏ1சி (கடைசி இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரி) 6.1 என்று வந்தது. 5.7இலிருந்து 6.4 வரை இருந்தால் சீனி வருத்தத்தின் வாசலில் நிற்கிறோம் என்று அர்த்தம். அப்பாவின் காலில் ஒவ்வொரு விரலாக எடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் டொக்டர் "கிழமைக்கு 150 நிமிஷமாவது உடம்பை அசையுங்கோ" என்றதும், அன்றைக்கே மகள் குதித்து விளையாடும் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டேன். நேரம்தான் பிரச்சினை. கந்தோரால் வர ஐந்து மணி. மகனை ரியூஷனில் விட்டு, கூட்டிவந்து, இடியப்பம் அவித்து முடிய எட்டரை. அதற்குப் பிறகுதான் விறாந்தையில் கயிறு. இன்று ஒன்பதரை வரை அடித்தேன், பத்து மணிக்குச் சாப்பிட்டேன், பத்தரைக்கு லைட்டை நூர்த்தேன். இதோ, ஒரு மணியாகப் போகிறது.

ஜூன் 3, செவ்வாய்

காலையில் தேத்தண்ணி ஊற்றும்போதே அம்மா தொடங்கிவிட்டா. "இரவில உடம்பைச் சூடாக்கிப்போட்டுப் படுத்தா எப்பிடிப் பிள்ளை நித்திரை வரும்?"

எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாளில் எனக்கென்று இருப்பதே அந்த ஒரு மணித்தியாலம். அதையும் விடச் சொன்னால் என்ன செய்வது? ஆனால் கந்தோரில் இன்று ஒரே கணக்கை இரண்டு தரம் பிழையாகக் கூட்டினேன். நித்திரை குறைந்தால் இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யாது என்பதும் தெரியும். சீனிக்காகத் தொடங்கிய வேலை, நித்திரையைக் கெடுத்து மறுபடி சீனியிலேயே போய் முடியக் கூடாது.

மகளின் பழைய கொப்பி ஒன்றில் கோடு போட்டேன். எத்தனை மணிக்கு முடித்தேன், எவ்வளவு கடுமை, கடைசித் தேத்தண்ணி எப்போது, எப்போது லைட் நூர்த்தேன், கடைசியாக எப்போது மணி பார்த்தேன். இன்று கயிறு இல்லை.

ஜூன் 5, வியாழன்

செவ்வாய் கயிறு எடுக்காத நாள்: 10.30க்கே கண் சொருகிவிட்டது. நேற்று 9.25க்கு முடித்தேன், 12.15 வரை முழிப்பு. இன்றும் அதே நேரத்துக்கு முடித்திருக்கிறேன். பார்ப்போம்.

ஜூன் 7, சனி

ஹஜ் பெருநாள். பக்கத்து வீட்டிலிருந்து பிரியாணி வந்தது, மத்தியானம் சமையல் இல்லை. கிடைத்த நேரத்தில் இருந்து வாசித்தேன்.

சூரிச்சில் உள்ள ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னேரப் பயிற்சியும் நித்திரையும் பற்றி வந்த 23 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். நான் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது முடிவு. படுக்கைக்கு முந்திய நான்கு மணித்தியாலத்துக்குள் உடற்பயிற்சி செய்தவர்களுக்குப் பொதுவில் நித்திரை கெடவில்லை. ஆழ்ந்த நித்திரையின் பங்கு, பயிற்சி செய்த இரவுகளில் 21.2 சதவீதம், செய்யாத இரவுகளில் 19.9. வித்தியாசம் சின்னதுதான், ஆனாலும் நல்ல பக்கம். ஒன்றே ஒன்றுதான் விதிவிலக்கு: மூச்சு வாங்கும் அளவுக்குக் கடுமையான பயிற்சி, அதுவும் படுக்கப் போவதற்கு ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தால், நித்திரை வரப் பிந்துகிறது.

கொப்பியைத் திறந்தேன். 9.30க்கு முடித்து 10.30க்குப் படுக்கிறேன். சரியாக அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

இன்னொன்று வாசித்தேன், இந்த வருடம் ஏப்ரலில் வந்தது. அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம். கையில் கட்டும் பட்டியால் 14,689 பேரின் நித்திரையையும் இதயத் துடிப்பையும் ஒரு வருடம் அளந்த தரவு. அதில் கடுமையும் பிந்திய நேரமும் சேரச் சேர, நித்திரை பிந்துகிறது, குறைகிறது, இரவில் துடிப்பும் தணியாமல் நிற்கிறது. வழமையாக நித்திரை கொள்ளும் நேரத்துக்கு நான்கு மணித்தியாலம் முன்பே முடித்துவிட்டால் அந்தப் பாதிப்புத் தெரியவில்லை.

ஒன்று ஒரு மணித்தியாலம் என்கிறது, மற்றது நான்கு என்கிறது. வாசித்ததும் குழம்பித்தான் போனேன். பிறகு யோசித்துப் பார்த்தால், சூரிச்காரர்கள் சேர்த்தவை சுகதேகிகளை வைத்துச் செய்த, ஆட்கள் குறைந்த பரிசோதனைகள். மொனாஷில் பார்த்தது ஆயிரக்கணக்கானவர்களின் சாதாரண வாழ்க்கையை. அங்கே காரணம் பயிற்சிதான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது, பிந்தி ஓடுகிறவர் பிந்திச் சாப்பிடுகிறவராகவும் இருக்கலாம், என்னைப்போல. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில்தான் கைவைக்கின்றன. பின்னேரத்தில் குற்றமில்லை; எவ்வளவு கடுமையாக, எவ்வளவு பிந்தி என்பதுதான் விஷயம்.

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா, விடுமுறை. பின்னேரம் ஐந்து மணிக்கு மச்சாளுடன் திருகோணமலைக் கோட்டைக்குப் போனேன். ஸ்கூட்டியை வாசலில் விட்டுவிட்டுக் கோணேசர் கோயில் வரை நடை. வாசலைத் தாண்டியதும் மான்கள். ஒன்று புல்லில் முன்னங்காலை மடித்துப் படுத்திருந்தது, நாங்கள் இரண்டடி தூரத்தில் போனபோதும் எழும்பவில்லை, காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பியது. அசைபோடும்போது தாடை பக்கவாட்டில் போய்வருவதையும், ஒவ்வொரு வாய்க்கும் கண் பாதி மூடுவதையும் நின்று பார்த்தேன். பல நாளாக எனக்கு வராத அந்த நிம்மதி அதன் முகத்தில் இருந்தது.

ஏற்றம் தொடங்கியதும் மச்சாள் தேவாரம் பாடப் பார்த்தா. முதல் அடியிலேயே மூச்சு நின்றுவிட்டது. கதைக்க முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அதுதான் மிதமான பயிற்சிக்கு அடையாளம் என்று டொக்டரும் சொல்லியிருந்தார். மேலே போனதும் கடல்காற்று. வேர்த்த சட்டை முதுகில் குளிர்ந்தது.

6.30க்கு முடிந்தது. எட்டு மணிக்குச் சாப்பாடு. 10.15க்கு லைட். கடைசியாக மணி பார்த்தது 10.20.

ஜூன் 12, வியாழன்

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. போயா அன்று வெளியில் நின்றதால் பின்னேரத் தேத்தண்ணி குடிக்கவில்லை என்று கொப்பி சொல்கிறது. மற்ற நாள்களில் கயிறடிக்கத் தெம்பு வேண்டுமென்று ஏழு மணிக்கு நல்ல சாயமாக ஒரு கோப்பை குடிப்பேன். உடம்பில் போன கஃபீனில் பாதி கழியவே ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும். அப்படியென்றால் நடுச்சாமத்தில் என் இரத்தத்தில் அரைக் கோப்பைத் தேத்தண்ணி.

அதனால் நேற்று தேத்தண்ணியை விட்டு, கயிற்றை மட்டும் வழமைபோல் அடித்தேன். 11.40 வரை முழிப்பு. அரை மணித்தியாலத்துக்கு மேல் மிச்சம், ஆனால் முழுவதும் தேத்தண்ணியின் வேலை இல்லை. ஒரு இரவை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதும் தெரியும்.

ஜூன் 14, சனி

பகல் முழுக்கக் கச்சான் அடித்தது. இந்தக் காற்றை ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளக்குவது கஷ்டம். மேற்கிலிருந்து தரை வழியே வந்து, வாசல் கதவைத் திறந்தால் அடுப்படிக்குள் முகம் வைத்ததுபோல் இருக்கும். இரவு ஒன்பது மணிக்கும் படுக்கையறைச் சுவரைத் தொட்டால் சூடு. ஃபேன் அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றித் தருகிறது.

அம்மா சொன்ன "சூடு" இன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நித்திரை வரும் நேரத்தில் உடம்பின் உள்வெப்பம் தானாக இறங்கத் தொடங்க வேண்டும். இரவு முழுக்கப் பார்த்தால் ஏறத்தாழ ஒரு பாகை இறங்கும். கைகால்களுக்கு இரத்தம் ஓடி, தோல் வழியாகச் சூடு வெளியேறுகிறது. கடுமையாகக் கயிறடித்தால் உள்வெப்பம் ஏறி நிற்கும், அது இறங்க ஒரு மணித்தியாலமோ கூடவோ எடுக்கும். வெளியே கச்சான், சுவரெல்லாம் சூடு என்றால் அந்தச் சூடு எங்கேதான் போகும்? வெயில் காலத்தில் நடந்த இரவுகளை மழைக்கால இரவுகளோடு ஒப்பிட முடியாது என்று கொப்பியின் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

இன்னொன்றும் வாசித்தேன். படுக்க ஒன்று இரண்டு மணித்தியாலம் முன்பு, பத்து நிமிடம் 40இலிருந்து 42.5 பாகை வரையான வெந்நீரில் குளித்தால் நித்திரை கெதியாக வருமாம். தோலுக்கு இரத்தத்தை இழுத்து உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடுவதால். வாசித்ததும் கன்னியா வெந்நீர்க் கிணறுகள்தான் நினைவுக்கு வந்தன. சின்ன வயதில் அப்பா கூட்டிப்போவார். ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி அள்ளி ஊற்றிவிட்டு, திரும்பி வரும் பஸ்ஸில் அவர் மடியிலேயே நித்திரையாகிவிடுவோம். இந்தக் கச்சானுக்குள் யார் வெந்நீரில் குளிப்பது, அது வேறு கதை. மார்கழியில் செய்து பார்க்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

கந்தோரில் வேலை கூட, ஏழு மணிக்குத்தான் வீடு. கயிறைத் தொடவில்லை. எட்டேமுக்காலுக்கு ஒழுங்கை முனை வரை மெதுவாக முப்பது நிமிடம் நடந்தேன், மகளும் வந்தாள். வந்து பாய் விரித்து கால், இடுப்பு, தோள் என்று நீட்டி மடக்கினேன். 10.45க்கு நித்திரை. பிந்தித்தான் செய்தேன், ஆனால் மெதுவாகச் செய்தேன்.

ஜூன் 20, வெள்ளி

நாடியையும் எண்ணத் தொடங்கியிருக்கிறேன். மணிக்கட்டில் இரண்டு விரல், அரை நிமிடம், இரண்டால் பெருக்கு. காலையில் எழும்பும்போது 68. மெதுவாக நடந்த இரவில் படுக்கும்போது 74. நேற்று வேண்டுமென்றே பழையபடி ஒன்பதரை வரை கயிறடித்தேன், தேத்தண்ணி இல்லாமல். 10.30க்கு 94. நித்திரை வர 12.20.

இருபது துடிப்பு. முதல் நாள் தலையணையில் கேட்டது இதுதான்.

பயிற்சி செய்யும் நேரத்தை மாற்றினால் உடம்பின் கடிகாரமும் மாறும் என்கிறது 2019இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு: காலை ஏழு மணிக்கோ, மத்தியானம் ஒன்றிலிருந்து நான்குக்குள்ளோ செய்தால் கடிகாரம் முன்னுக்கு வரும், இரவு ஏழிலிருந்து பத்துக்குள் செய்தால் பின்னுக்குப் போகும். ஐந்து மணிக்கு எழும்ப வேண்டிய எனக்குப் பின்னுக்குப் போவது கட்டுப்படியாகாது.

ஜூன் 23, திங்கள்

இரவு சாப்பிட்டுவிட்டு எல்லோரையும் இருத்திக் கொப்பியைக் காட்டினேன். இவர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "செவ்வாய், வியாழன் ரியூஷனுக்கு நான் ஏத்தி இறக்கிறன், நீர் கோட்டைக்குப் போம்" என்றார். இதை நான் முன்பே கேட்டிருக்க வேண்டும். கேட்காமலே மூன்று கிழமை இரவில் குதித்திருக்கிறேன்.

சரி, ஏற்பாடு இப்படி: செவ்வாயும் வியாழனும் ஐந்தரைக்கு ஏற்ற நடை. ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கயிறு, வெயில் ஏற முன். மற்ற நாள்களில் இரவுதான் கிடைக்குமென்றால், ஒழுங்கையில் மெதுநடை. கயிறை இரவில் எடுப்பதில்லை. பின்னேரத் தேத்தண்ணி நாலு மணியோடு சரி.

இரவில் மட்டும் நேரம் கிடைக்கும் பெண்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர். நித்திரை வராது என்ற பயத்தில் அவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவையும் எழுதிப் போடுகிறேன்.

ஜூன் 26, வியாழன்

அம்மாவும் வந்தா. ஏற்றத்துக்கு வரமாட்டா, கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் நிழலில் இருந்து மான்களைப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் கோயில் வரை இரண்டு தரம் போய்வந்தேன். இறங்கி வந்தபோது என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்ப சூடு, ஆனா இரவுக்குள்ள ஆறிடும்" என்றா.

6.40க்கு முடித்தேன். படுக்கும்போது நாடி 70. 10.20க்கு லைட். கடைசியாக மணி பார்த்த கட்டம் வெறுமை. ஆகஸ்ட் கடைசியில் மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டும்.