கோங்க்: மலைச்சரிவில் நிற்கும் ஒரு பிரெஞ்சுச் சிற்றூர்

தெற்குப் பிரான்சின் அவேரோன் மாவட்டத் தலைநகரான ரொதேஸிலிருந்து வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கோங்க் இருக்கிறது. அங்கே செல்லும் சாலை முதலில் மர்சிய்யாக் பகுதியின் வழியாக இறங்குகிறது. இரும்புச்சத்து மிகுந்த மணற்கல் பூமி என்பதால் மண்ணும் வீட்டுச் சுவர்களும் அங்கே ஒரே செந்நிறமாக இருக்கின்றன. சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். தூர்தூ ஆற்றை ஒட்டிச் செல்லச் செல்ல பள்ளத்தாக்கு ஒடுங்கி, செம்மண் மறைந்து, ஷிஸ்ட் எனப்படும் சாம்பல்நிற அடுக்குப் பாறை தலைகாட்டுகிறது. தூர்தூவுடன் ஊஷ் என்னும் சிற்றோடை கலக்கும் இடத்திற்கு மேலே, வெயில் படும் சரிவில்தான் கோங்க் அமைந்திருக்கிறது. கம்யூன் என்பது பிரான்சில் நம் ஊராட்சியைப் போன்ற மிகச் சிறிய ஆட்சிப் பிரிவு. தனிக் கம்யூனாக இருந்த கோங்க், 2016இல் அண்டை ஊர்கள் மூன்றுடன் இணைந்து கோங்க்-ஆன்-ருவேர்க் என்னும் புதிய கம்யூனாகியது.

இவ்வளவு குறுகலான, பெரிய சாலைகளுக்கு எட்டாத ஒரு பள்ளத்தில் ஐரோப்பியச் சிற்பக்கலையின் உச்சங்களுள் ஒன்றான இவ்வூர்க் கோயிலின் வாசற்சிற்பம் எப்படித் தோன்றியது என்னும் வியப்போடுதான் நான் ஊருக்குள் நுழைந்தேன். தெருக்களில் நடந்த பிறகு, தோன்றிய விதத்தைவிட அது அழியாமல் நிலைத்த விதமே என்னை அதிகம் ஈர்த்தது. இரண்டிற்கும் இந்த நிலத்தை விட்டுவிட்டு விடை சொல்ல முடியாது.

ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஒரு துறவியைச் சுற்றிச் சிறு மடம் உருவாகியது. மடம் வளர வேண்டுமானால் திருப்பயணிகள் வர வேண்டும். பயணிகள் வர வேண்டுமானால் ஒரு புனிதரின் திருப்பண்டம் வேண்டும். ஆஜன் நகரில், உரோமையர் காலத்தில் கொல்லப்பட்ட இளம்பெண்ணான புனித ஃபுவாவின் எலும்புகள் போற்றப்பட்டு வந்தன. கோங்கின் துறவி ஒருவர் அங்கே போய், பல ஆண்டுகள் தங்கி, அனைவருடைய நம்பிக்கையையும் பெற்று, கி.பி. 866 வாக்கில் அவற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்று மடத்தின் பழைய ஏடுகளே சொல்கின்றன. புனிதரே இடம் மாற விரும்பினார் என்பது அக்காலத்தவர் தந்த விளக்கம்.

லெ புய் நகரிலிருந்து ஸ்பெயினிலுள்ள திருத்தலமான சந்தியாகோ தே கொம்போஸ்தெலா நோக்கிச் செல்லும் நடைவழியில், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கடந்த பின் கோங்க் வருகிறது. பெருகிய கூட்டத்துக்காகப் பதினொன்றாம் நூற்றாண்டில் எழுப்பிய கோயிலே இன்றும் நிற்கிறது. பாறைச் சரிவு நீளத்திற்கு இடம் தராததால் நடுமண்டபம் குறுகிய நீளத்தோடு நிற்க, கட்டடம் பக்கவாட்டில் அகன்று, மேல்நோக்கி 22 மீட்டர் உயர்ந்திருக்கிறது. மஞ்சள் சுண்ணாம்புக்கல், சிவப்பு மணற்கல், சாம்பல் ஷிஸ்ட் என நான் வரும் வழியில் கண்ட பூமியின் நிறங்களைச் சுவரில் மறுபடி கண்டபோது, கோயிலின் முன் வெகுநேரம் நின்றுவிட்டேன். வீட்டுக் கூரைகளும் அதே ஷிஸ்ட் பலகைகளால் வேயப்பட்டவையே.

மேற்கு வாசலுக்கு மேலே பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கிய இறுதித் தீர்ப்புக் காட்சியில் நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் உள்ளன. நடுவில் கிறிஸ்து, அவருடைய வலப்புறம் விண்ணகம், இடப்புறம் நரகம். அதிதூதர் மிக்கேலும் ஒரு பேயும் ஆன்மாக்களை நிறுக்கும் தராசுக்கு இருபுறமும் எதிரெதிராக நிற்கின்றனர். நரகத்தில் கஞ்சன் பணப்பையைக் கழுத்தில் கட்டியபடியே தூக்கில் தொங்குகிறான். கவசமணிந்த வீரன் குதிரையோடு தலைகீழாக விழுகிறான். எதிர்ப்பக்கத்தில், இறைவனின் கரத்தின் முன் புனித ஃபுவா மண்டியிட்டுக் குனிந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் தளைகளும் சங்கிலிகளும் தொங்குகின்றன. சிறையிலிருந்து மீண்டவர்கள் தங்கள் விலங்குகளை இங்கே கொண்டுவந்து காணிக்கையாக வைத்த வழக்கத்தின் பதிவு அது. இந்தச் சிறிய பகுதியை நான் நரகத்தின் ஆரவாரத்தைவிட உயர்வாக மதிக்கிறேன். வெளி வளைவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் முகங்களையும் தவறவிடக் கூடாது.

கருவூலத்தில் புனித ஃபுவாவின் திருவுருவம் இருக்கிறது. மர உடலின்மேல் பொற்தகடு போர்த்தி, பயணிகள் தந்த மணிகள் பதித்து, ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் உயரத்தில் அரியணையில் அமர்ந்திருக்கும் இதன் தலை, பிற்கால உரோமையச் சிற்பம் ஒன்றிலிருந்து வந்தது. பதினொன்றாம் நூற்றாண்டில் இங்கு வந்த ஆஞ்சேயைச் சேர்ந்த பெர்னார் என்னும் அறிஞர், இது பழைய தெய்வங்களின் சிலை வழிபாடு போன்றதே என்று முதலில் இகழ்ந்தார். பிறகு மனம் மாறி, அந்தப் புனிதரின் அற்புதங்களைத் தொகுத்து நூலாகவே எழுதினார்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது கோயில்களின் பொன்னும் வெள்ளியும் உருக்கப்பட்ட நாட்களில், ஊர்மக்கள் இந்தக் கருவூலத்தைத் தங்கள் வீடுகளிலும் செஸ்நட் கொட்டை உலர்த்தும் குடில்களிலும் பிரித்து ஒளித்துக் காத்ததாக இங்கே சொல்கிறார்கள். பொருள் தப்பியதே தவிர, மடம் கலைந்து, கட்டடம் சிதைந்தது. உள்முற்றத்தின் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறைந்தேபோனது. 1837இல் வரலாற்றுச் சின்னங்களின் ஆய்வாளராக வந்த ப்ரோஸ்பேர் மெரிமே இதன் அருமையை உணர்ந்து பாதுகாக்க முயன்றதே மறுசீரமைப்பின் தொடக்கம். 1998இல் கோயிலும் தூர்தூ ஆற்றின் மேலுள்ள பழைய பாலமும் சந்தியாகோ வழித்தடங்களின் அங்கங்களாக யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன.

கோயிலின் இன்றைய சாளரங்கள் ரொதேஸில் 1919இல் பிறந்த ஓவியர் பியேர் சூலாஜின் படைப்பு, 1994இல் நிறைவடைந்தவை. இளவயதில் இக்கோயிலைக் கண்டதே அவரை ஓவியத்தின் பக்கம் திருப்பியது. 104 திறப்புகளில் அவர் நிறமற்ற, ஒளியைக் கசியவிட்டுக் காட்சியை மறைக்கும் கண்ணாடியையும் வளைந்தோடும் கரிய கோடுகளையும் மட்டுமே பொருத்தினார். வண்ணச் சித்திரங்களை எதிர்பார்த்த சிலருக்கு அன்று இது உவப்பாக இல்லை. காலையில் நீலச் சாயலும் மாலையில் இளஞ்சூடான சாயலும் கற்களின்மேல் படர்வதைப் பார்த்தபின், இந்தச் சுவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கண்ணாடி இருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன்.

போகிறவர்கள் நேரே கோயிலுக்குச் செல்லாமல், எதிர்மலையிலுள்ள பாங்கரேல் முனையில் முதலில் நிற்பது நல்லது. காடும் பள்ளமும் சூழ்ந்த சரிவில் ஊர் எவ்வளவு குறைந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அங்கிருந்துதான் முழுமையாகத் தெரியும். இறங்கி, பாலத்திலிருந்து கற்பாதை வழியே நடந்தே ஏறுங்கள். திருப்பயணிகள் தங்கள் வழியைத் தொடர இறங்கும் பாதையும் அதுவே. மாலை வெயில் வாசற்சிற்பத்தின்மேல் நேராக விழுவதால், அதைப் பார்க்கும் நேரத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.