கையெழுத்துப் போட முடியாதவர்களின் தண்ணீர்

மே 9ஆம் நாளை ஒட்டி வரும் ஒரு சனிக்கிழமையில், பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்கள் பொதுமக்களுக்காகத் தங்கள் கதவுகளைத் திறந்து வைப்பது வழக்கம். 1950ஆம் ஆண்டு அந்த நாளில்தான் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ரொபேர் ஷூமன், பிரான்சின் நிலக்கரி, எஃகு உற்பத்தியையும் ஜெர்மனியின் உற்பத்தியையும் ஒரே பொது அதிகாரத்தின் கீழ்க் கொண்டுவரலாம் என்று அறிவித்தார். அதன் நினைவாகவே அந்நாள் ஐரோப்பா தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் சென்ற முறை அங்கே அழைத்துச் சென்றேன். நாடாளுமன்றப் பேரவையின் அரைவட்ட இருக்கைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, குடிநீர் பற்றிய மேசை ஒன்றில் ஒரு கண்ணாடிக் கூசாவில் குழாய்த் தண்ணீர் வைத்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குடிநீருக்கான சட்டம் மாறியதற்குப் பின்னால் பதினாறு இலட்சம் பேரின் கையெழுத்து இருக்கிறது என்று அங்கிருந்த இளைஞர் விளக்கியதை நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

“நீயும் கையெழுத்துப் போட்டியாப்பா?” என்று அம்மா கேட்டார்.

“இல்லம்மா. இந்த ஒன்றியத்து நாடுகள்ல ஏதாவது ஒண்ணோட குடியுரிமை இருக்கிறவங்கதான் போடலாம்.”

“தண்ணி மட்டும் எல்லாரும் குடிக்கலாமா?”

இராமநாதபுரம் மாவட்டத்தில் இருபது ஆண்டுகள் குடத்தோடு நடந்தவர் கேட்ட கேள்வி அது. அன்று நான் தலையை மட்டும் அசைத்தேன். அதற்குரிய முழுப் பதிலைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

2013ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நான் ஜெர்மனியின் ஆகன் நகரில் மாணவனாக இருந்தேன். நகர மையத்தில் ஒரு மடக்கு மேசையைப் போட்டு, தண்ணீர் விற்பனைச் சரக்கு அல்ல என்று எழுதிய பதாகையின் கீழ்க் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவை எடுத்தபோது, எந்த நாட்டவர் என்று மேசையில் இருந்த பெண்மணி மென்மையாகக் கேட்டார். இந்தியர் என்றேன். அவர் வருத்தத்தோடு தாளைத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டு, ஒரு துண்டறிக்கையை மட்டும் என் கையில் கொடுத்தார். ரைட் டு வாட்டர் என்ற இயக்கத்தைப் பற்றி நான் முதன்முதலில் படித்தது அந்தத் துண்டறிக்கையில்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டத்தை முன்மொழியும் அதிகாரம் பெரும்பாலும் அதன் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்திடமே இருக்கிறது. மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் நாடாளுமன்றத்துக்குக்கூட அந்த அதிகாரம் முழுமையாக இல்லை. இந்நிலையில் 2009இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கை, ‘ஐரோப்பியக் குடிமக்கள் முன்னெடுப்பு’ என்ற புதிய வழியைத் திறந்தது. வெவ்வேறு ஏழு உறுப்பு நாடுகளில் வாழும் ஏழு குடிமக்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரு கோரிக்கையைப் பதிவு செய்யலாம். ஓராண்டுக்குள் பத்து இலட்சம் கையெழுத்துகளைத் திரட்டி, குறைந்தது ஏழு நாடுகளில் அந்தந்த நாட்டுக்குரிய கீழ்வரம்பையும் எட்டினால், ஆணையம் கோரிக்கையாளர்களைச் சந்தித்தாக வேண்டும், நாடாளுமன்றம் பொது விசாரணை நடத்தியாக வேண்டும், ஆணையம் எழுத்து வடிவில் காரணங்களோடு பதில் அளித்தாக வேண்டும். ஆனால் கேட்டதைச் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. இந்த உரிமை 2012 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே பதிவான ரைட் டு வாட்டர்தான் எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றிய முதல் முன்னெடுப்பு.

தண்ணீரை மனித உரிமையாக ஒன்றியச் சட்டத்தில் எழுத வேண்டும் என்ற அதன் கோரிக்கைக்கு அடிப்படையாக இருந்தது ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலை 28 அன்று நிறைவேற்றிய தீர்மானம். தூய குடிநீரும் கழிவகற்றும் வசதியும் மனித உரிமை என்று அது அறிவித்தது. பொலிவியா கொண்டுவந்த அந்தத் தீர்மானத்துக்கு 122 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன, 41 நாடுகள் வாக்களிப்பிலிருந்து விலகி நின்றன. இந்தியா ஆதரித்தது. விலகி நின்றவற்றில் நெதர்லாந்து, சுவீடன், ஆஸ்திரியா முதலிய ஐரோப்பிய நாடுகள் இருந்தன. இந்த விவரத்தை இங்கே பலரும் அறிந்திருக்கவில்லை என்பதை நான் உரையாடல்களில் கண்டிருக்கிறேன்.

பொதுத்துறைத் தொழிற்சங்கங்களின் ஐரோப்பியக் கூட்டமைப்பு முன்னின்று நடத்திய இந்த இயக்கத்துக்கு வேகம் கொடுத்தது அன்றைய ஐரோப்பாவின் சூழலே. கடன் நெருக்கடியில் சிக்கிய கிரேக்கத்தில் நகரக் குடிநீர் நிறுவனங்களை விற்கும் திட்டம் மேசைமீது இருந்தது. இத்தாலிய மக்கள் 2011 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் தண்ணீர்ச் சேவையைத் தனியார்மயமாக்குவதை ஏறத்தாழ ஒருமித்த குரலில் நிராகரித்திருந்தார்கள். பாரிஸ் நகரம் 2010இல் தன் குடிநீர்ச் சேவையைத் தனியாரிடமிருந்து நகராட்சியின் கைக்கு மீட்டிருந்தது. பெர்லினில், தண்ணீர் நிறுவனத்தின் பங்குகளை விற்ற இரகசிய ஒப்பந்தங்களை வெளியிடக் கோரி 2011இல் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் வென்றிருந்தார்கள். இந்த நேரத்தில்தான், பொதுச் சேவைகளை நடத்தும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தனியாருக்கு வழங்கும் ஒப்பந்தங்களுக்கென ஆணையம் ஒரு புதிய சட்டத்தை முன்வைத்தது. தங்கள் ஊர்த் தண்ணீரும் அந்த வழியில் கைமாறிவிடும் என்ற அச்சம் ஜெர்மானியர்களிடையே பரவியது. 2013 தொடக்கத்தில் ஒரு தொலைக்காட்சி நையாண்டி நிகழ்ச்சி இதை எடுத்துப் பேசியதும் கையெழுத்துகள் வெள்ளமாக வந்து குவிந்தன. இறுதியில் சரிபார்க்கப்பட்ட 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளில் 12 இலட்சத்துக்கும் மேல் ஜெர்மனியில் மட்டும் திரட்டப்பட்டவை. ஏழு நாடுகளில் கீழ்வரம்பு வேண்டும் என்ற விதி இல்லாதிருந்தால் இதை ஒரு நாட்டின் கோரிக்கை என்று எளிதாக ஒதுக்கியிருப்பார்கள். அந்த விதி கையெழுத்துத் திரட்டுவோருக்குச் சுமைதான் என்றாலும், எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

2013 ஜூன் மாதம், கையெழுத்துத் திரட்டல் இன்னும் முடியாத நிலையிலேயே, உள்சந்தைக்குப் பொறுப்பான ஆணையர் மிஷெல் பார்னியே அந்த ஒப்பந்தச் சட்டத்திலிருந்து தண்ணீரை நீக்குவதாக அறிவித்தார். இயக்கத்தின் முதல் பெரிய வெற்றி, எந்த விசாரணையும் பதிலும் வருவதற்கு முன்பே, மக்களின் எண்ணிக்கை மட்டுமே பெற்றுத் தந்த வெற்றியாக அமைந்தது. 2014 பிப்ரவரி 17 அன்று நாடாளுமன்றத்தில் பொது விசாரணை நடந்தது, மார்ச் 19 அன்று ஆணையத்தின் பதில் வந்தது. தண்ணீர்ச் சேவையைப் பொதுத்துறை நடத்துவதா, தனியார் நடத்துவதா என்பது உறுப்பு நாடுகளின் முடிவு என்றும், குடிநீர்ச் சட்டத்தைப் பற்றி மக்களின் கருத்தைக் கேட்போம் என்றும் அது கூறியது. தண்ணீரை மனித உரிமையாக ஒன்றியச் சட்டத்தில் எழுத வேண்டும் என்ற மையக் கோரிக்கைக்கு அதில் இடம் இல்லை. 2015 செப்டம்பரில் நாடாளுமன்றம் இந்தப் பதில் போதாது என்று தீர்மானம் போட்டது. நாடாளுமன்றம் கூறியது சரி என்றே நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அதன் பிறகு செய்திகளில் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. ஆனால் வேலை நிற்கவில்லை. 1998ஆம் ஆண்டின் குடிநீர்ச் சட்டத்தைத் திருத்தும் முன்மொழிவை ஆணையம் 2018 பிப்ரவரியில் கொண்டுவந்தது. 2020 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம் 2021 ஜனவரி 12 முதல் நடைமுறைக்கு வந்தது, தங்கள் சட்டங்களில் அதைச் சேர்க்க உறுப்பு நாடுகளுக்கு இரண்டு ஆண்டுகள் தரப்பட்டன. ஒரு லிட்டர் தண்ணீரில் ஈயம் 10 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்ற வரம்பை 2036 ஜனவரிக்குள் 5 ஆகக் குறைக்க வேண்டும் என்கிறது அது. பழைய ஈயக் குழாய்கள் இன்னும் சுவர்களுக்குள் இருக்கும் வீடுகளில் குழந்தைகள் வளரும்போது, அது சிறிய மாற்றம் அல்ல. வாணலிப் பூச்சு முதல் தீயணைப்பு நுரை வரை பயன்படும், இயற்கையில் எளிதில் சிதையாத பீஃபாஸ் வேதிப்பொருள்களுக்கும் முதன்முறையாக அதில் வரம்பு விதிக்கப்பட்டது.

என் மனத்தில் நிற்பது அந்தச் சட்டத்தின் பதினாறாம் பிரிவு. குடிநீர் எல்லோருக்கும் கிடைக்க, குறிப்பாக நலிந்தோருக்கும் ஒதுக்கப்பட்டோருக்கும் கிடைக்க, உறுப்பு நாடுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அது. தண்ணீர் கிடைக்காதவர்கள் யார், ஏன் கிடைக்கவில்லை என்று கண்டறிய வேண்டும். இயலும் இடங்களில், தேவைக்கு ஏற்பப் பொது இடங்களில் குழாய்கள் அமைக்க வேண்டும். வீடற்றோர், ரோமா மக்கள், அகதிகள் ஆகியோரைச் சட்டத்தின் முன்னுரை பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அவர்களில் அகதிகளுக்கு அந்தத் தாளில் கையெழுத்திடும் உரிமை இருக்கவில்லை. எனக்கும் இருக்கவில்லை. கையெழுத்திட்டவர்களோ தங்களுக்கு மட்டும் என்று கேட்கவில்லை. அம்மாவின் கேள்விக்கு என்னால் தர முடிந்த நேர்மையான பதில் இதுதான்.

ஆயினும் இந்த வழியை நான் மிகையாகப் புகழ மாட்டேன். கூண்டுகளில் கால்நடை வளர்ப்பதை நிறுத்தக் கோரி ஏறத்தாழ 14 இலட்சம் பேர் கையெழுத்திட்ட முன்னெடுப்புக்கு, 2023 இறுதிக்குள் சட்ட முன்மொழிவு வரும் என்று ஆணையம் 2021 ஜூனில் வாக்களித்தது. அந்த ஆண்டு முடிந்தபோதும் முன்மொழிவு வரவில்லை. சிறுபான்மை மொழிகளையும் பண்பாடுகளையும் காக்கக் கோரிய முன்னெடுப்புக்கு, இருக்கும் சட்டங்களே போதும் என்ற பதில் வந்தது. ஒரு மில்லியன் பேர் கேட்டால் பதில் வரும் என்பது உண்மை. அது எப்படிப்பட்ட பதில் என்பது, கேட்டவர்கள் அதற்குப் பின்னும் எத்தனை ஆண்டுகள் விடாமல் நிற்கிறார்கள் என்பதையும் பொறுத்தே இருக்கிறது. தண்ணீருக்காக நின்றவர்கள் கையெழுத்துத் தொடங்கிய நாளிலிருந்து ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் நின்றார்கள். ஸ்லோவேனியா 2016 நவம்பரில் குடிநீர் உரிமையைத் தன் அரசமைப்பிலேயே எழுதிக்கொண்டது. ஒன்றியம் அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை மேசையில் இருந்த இளைஞர் மற்றொன்றையும் சொன்னார். நாடாளுமன்றத்திடம் மனு அளிக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டும் உரியது அன்று, ஒன்றியத்தில் வசிக்கும் எவரும் அளிக்கலாம். பத்து இலட்சம் பேர் தேவையில்லை, ஒருவரே போதும். ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ள செய்தியாகவும், மனு அளிப்பவரை நேரடியாகத் தொடுவதாகவும் இருந்தால் போதுமானது. இங்கே இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் நான் இதை அறியாதிருந்தேன். நிறுவனங்கள் தங்கள் செய்திகளில் தீர்மான எண்களையும் கூட்டத் தேதிகளையும் தருகிற அளவுக்கு, நீங்களும் கேட்கலாம் என்பதை உரக்கச் சொல்வதில்லை என்பதே என் மனக்குறை.

நான் நாள்தோறும் புட்டியில் தண்ணீர் நிரப்பும் பொதுக் குழாய் ஒன்று எங்கள் பகுதி இரயில் நிலையத்துக்கு அருகே இருந்தது. இரவில் அங்கே படுத்துறங்குபவர்களுக்கும் அதுதான் குடிநீர். பல மாதங்களாக அது மூடிக் கிடக்கிறது. உள்ளூரில் இரண்டு முறை கடிதம் எழுதியும் பதில் வரவில்லை. சென்ற வாரம் நாடாளுமன்றத்தின் மனுப் படிவத்தைத் திறந்து, பதினாறாம் பிரிவைச் சுட்டி எழுதத் தொடங்கினேன். குடியுரிமை என்ற கட்டத்தில் இந்தியா என்று நிரப்பினேன். படிவம் அடுத்த பக்கத்துக்குப் போனது.