டோ மட்டும் கறுப்பு

பாட்டு சார் காலமாகிவிட்டார் என்று பள்ளிப் பழைய மாணவர் சங்கக் குழுவில் செய்தி வந்ததும் ஆளாளுக்கு அவருடைய பிரம்பைப் பற்றியே எழுதினார்கள். பிரம்பு எல்லாருக்கும் பொதுவாக விழுந்தது. அவர் கையில் கொடுத்த தாளில்தான் மேல்சாதி, கீழ்சாதி இருந்தது.

பாளையங்கோட்டையில் வீடும் வீட்டில் பியானோவும் உள்ள பையன்களுக்கு, லண்டன் நொவெல்லோ அச்சிட்ட வோக்கல் ஸ்கோர். நான்கு குரலுக்கும் ஐந்து கோடுகளில் தனித்தனி வரி. ஆர்க்கெஸ்ட்ரா முழுவதையும் பியானோவுக்குச் சுருக்கி அடியில் போட்டிருக்கும். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்த என்னைப் போன்ற ஹாஸ்டல்காரர்களுக்கு, டோ, ரே, மி என்ற ஸ்வரங்களை எழுத்தால் குறிக்கும் சைக்ளோஸ்டைல் சொல்ஃபா. கோடு கிடையாது, கோட்டில் உட்காரும் ஸ்வர முட்டை கிடையாது; வெறும் எழுத்து.

கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு ஹாண்டெலின் அல்லேலூயா பழகிய டிசம்பரில், எனக்கும் புத்தகம் வேண்டும் என்று கேட்டேன். சார் பீரோவைத் திறந்து ஃபுல் ஸ்கோரை எடுத்து என் முன் விரித்தார். டிரம்பெட், டிம்பனி, வயலின்கள், வயோலா, அதற்குக் கீழே நான்கு குரல்கள், அடியில் பேஸ் என்று ஒரே பக்கத்தில் ஊரே கூடியிருந்தது. "எலே, உன் வரி எங்கே இருக்கிறது, காட்டு" என்றார். விரல் வயலினுக்கு அண்ணன் மாதிரியான வயோலா வாத்தியத்தின் வரியில் போய் நின்றது. அந்தப் பழைய பதிப்பில் என் குரலான டெனருக்கும் வயோலாவுக்கும் வரியின் தொடக்கத்தில் ஸ்வரத்தின் இடம் காட்டும் அதே சி கிளெஃப் குறி, அது உட்காரும் கோடுதான் வேறு. இதை அவர் அன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அறுபது பையன்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "வயோலாவுக்குப் பாட்டு இல்லை, போய் உட்கார்" என்றார். வயோலா என்ற பெயர் பிளஸ் டூ வரை ஒட்டிக்கொண்டது. குழுவில் சிலர் இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள், நடத்துங்கள்.

அந்த சொல்ஃபா தாள்கள் எப்படிப் பிறந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. பள்ளி ஆபீஸ் பூட்டியபின் தட்டச்சு இயந்திரத்தில் ஸ்டென்சிலை மாட்டி, வோக்கல் ஸ்கோரைப் பார்த்து, நான்கு குரலையும் அவரே எழுத்தாக மாற்றி அடிப்பார். நோர்விச் நகரத்து சாரா குளோவர் தொடங்கி, ஜான் கர்வன் செப்பனிட்ட முறை அது. தாளத் தட்டுக்குத் தட்டு முக்காற்புள்ளி, நீட்டலுக்குச் சிறு கோடு, மேல் ஸ்தாயிக்குத் தலையில் ஒரு கீற்று. தனி அச்செழுத்து எதுவும் வேண்டாம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம்கூட அடித்துவிடும். ஆனால் டோவுக்கான ஆங்கில எழுத்தான d-யின் வயிறு ஸ்டென்சிலில் அறுந்து விழுந்துவிடும். அதனால் எங்கள் தாளில் டோ மட்டும் கறுப்புப் பொட்டு. அல்லேலூயாவில் மேல் குரலான சொப்ரானோ தொடங்குவதே டோவில்தான்.

இசையை அச்சிடுவது வெள்ளைக்காரன் சொத்து என்று யாராவது சொன்னால் சாருக்குப் பொறுக்காது. 1904-இல் சுப்பராம தீட்சிதர் கமகக் குறிகளோடு சங்கீத சம்பிரதாய பிரதர்சினியைத் தெலுங்கு எழுத்தில் அச்சிட்டது நம் எட்டயபுரத்தில்தானே என்பார். எட்டயபுரம் அப்போது திருநெல்வேலி ஜில்லா. அதற்குப் பதினொரு வருடம் முன்பே சின்னசாமி முதலியார் கீர்த்தனைகளை ஐந்து கோட்டில் ஏற்றிப் பதிப்பித்ததையும் சேர்த்துக்கொள்வார். பாடப் போகிறவன் யார் என்று பார்த்து அச்சிட வேண்டும் என்பது அவர் கட்சி. என்னிடம் ஏன் அப்படிப் பார்க்கவில்லை என்று கேட்க எனக்கு வாய்ப்பே அமையவில்லை.

மெல்பர்னில் நான் பாடும் குழுவில் எல்லாரிடமும் வோக்கல் ஸ்கோர் இருக்கிறது. பியானோ ஸ்வரம் கொடுக்காமல் பாதிப் பேர் வாய் திறப்பதில்லை. எனக்கு டோ ஒன்று போதும், எந்தச் சுருதியானாலும் மற்றதைப் பிடித்துக்கொள்வேன். மகள் பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கிறாள், நம்புங்கள், வயோலா. அவள் கையில் இருப்பது பார்ட். அவளுடைய வரி மட்டும். சும்மா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தடித்த கோடும் மேலே 24 என்று எண்ணும். மற்றவர் என்ன வாசிக்கிறார்கள் என்று தெரியாமல் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

டிகிரி முடித்ததும் பாடகர் குழுவில் டெனரைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே இரு என்று சார் கேட்டார். அதற்குள் விசா வந்துவிட்டது. போன முறை போனபோது கோயிலில் கீபோர்டுக்காரருக்கு லீட் ஷீட் வைத்திருந்தார்கள்: மெட்டு, சொற்கள், மேலே சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களைக் குறிக்கும் கார்டு (chord) எழுத்துகள், அவ்வளவுதான். நான்கு குரல் போய் ஒரு குரல் ஆகிவிட்டது. டெனர் பெஞ்சில் இருந்தது சார் மட்டும். அவர் பேஸ் என்ற கீழ்க்குரல்காரர். டெனர் வரியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிப் பாடிக்கொண்டிருந்தார். நான் பின் வரிசையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன்.

என்னிடம் இருப்பது அல்லேலூயா தாளின் முதல் இரண்டு பக்கங்கள். மூன்றாம் பக்கம் முதல் யாரிடமாவது இருந்தால் ஸ்கேன் செய்து சங்கத்துக்கு அனுப்புங்கள். கறையும் கிழிசலும் பரவாயில்லை, டோ எப்படியும் கறுப்புதான்.