இல்லாத கோட்டையைச் சுற்றி நடக்கிறேன்

மதுரையை நடந்தே பார்ப்பது என்று கிளம்பி, மீனாட்சியம்மன் கோயிலில் தொடங்கினேன். ஆடி வீதி மதிலுக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒவ்வொரு சுற்றாக வெளியே வந்தேன். சித்திரைத் திருவிழாத் தேர் மாசி வீதியில்தான் ஓடுகிறது. முன்பு மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். தேர்முட்டியில் நின்று பார்த்தால் அந்தத் தெரு ஏன் அவ்வளவு அகலம் என்று புரிகிறது.

இந்த மாதம் மாசி வீதியைத் தாண்டி வந்திருக்கிறேன். இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி.

ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் கோட்டையும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே பரவ விட்டார். அந்த இடத்தில் வந்தவைதான் வெளி வீதிகள். பக்கத்திலேயே மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. மாரட் அந்த வேலைக்கு அளவெடுத்த சர்வேயர், பெருமாள் ஆட்களை வைத்து வேலை வாங்கிய மேஸ்திரி. கலெக்டருக்கு விளக்குத்தூண் வைத்த ஊர், மேஸ்திரிக்கும் ஒரு தெருவைக் கொடுத்திருக்கிறது! மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் லாட்ஜ் போர்டுகளில் அந்தப் பெயரைப் படித்துக்கொண்டே நடக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். வண்டியில் போனால் ஒருவழிப் பாதையையும் முன்னால் போகும் ஆட்டோவையும்தான் பார்க்க முடியும்.

சுவர் மொத்தமாகப் போய்விடவில்லை. பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொத்தளத்தின் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. காலை ஆறரைக்குப் போனேன், கூட்டம் இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால் சுவரின் தடிமன் மலைக்க வைக்கிறது. இந்தக் கனத்தில் ஊரையே சுற்றி வளைத்த சுவரைக் கடப்பாரையும் கூடையும் வைத்துக்கொண்டு ஆட்கள் பெயர்த்திருக்கிறார்கள். பெருமாள் மேஸ்திரியின் வேலை எப்பேர்ப்பட்டது என்று அங்கேதான் உறைத்தது.

அம்மன் சன்னதிக்குக் கிழக்கே இருக்கும் விட்டவாசல் இதைவிடப் பழையது. பாண்டியர் காலக் கோட்டையின் கிழக்கு வாசல் அது. இரண்டு பக்கமும் கடைகள் நெருக்குகின்றன. அங்கே போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

மேற்கும் கிழக்கும் முடிந்தன. தெற்கு மாரட் வீதியைப் பாதிவரை பார்த்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு மிச்சத்தையும் முடித்துவிட்டு, வடக்கு வெளி வீதி வழியாக யானைக்கல் வரை போக வேண்டும்.