சிப் இருந்தும் ஒரு நாள் முழுக்கத் தேடினோம்

போன மாதம் ஒரு ராத்திரி இடியும் மழையுமாக இருந்தபோது, எங்கள் கேட்டுக்கு வெளியே ஒரு நாய் நடுங்கிக்கொண்டு நின்றது. செம்பழுப்பு நிறம், சீவிவிட்ட முடி, கழுத்தில் நல்ல தோல் பட்டை. யாரோ ஆசையாக வளர்க்கிற நாய் என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் பட்டையில் ஒரு வளையம் மட்டும் வாய் பிளந்து தொங்கியது, அதில் இருந்த டேக் (போன் நம்பர் போட்ட சின்னத் தகடு) ஓடி வந்த வழியில் எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். அது மட்டும் இருந்திருந்தால் ஒரு போனில் முடிந்திருக்கும். மறுநாள் சாயங்காலம் வரை இழுத்தது.

காலையில் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் பட்டையைக் கழற்றிவிட்டு (பக்கிளில் இருக்கிற உலோகம் ஸ்கேனரைக் குழப்புமாம்) தோலுக்கு அடியில் போடுகிற அடையாள மைக்ரோசிப் இருக்கிறதா என்று தோள்களுக்கு நடுவே அந்தக் கருவியைக் கொண்டுபோனார். சத்தமே இல்லை. சிப் போடவில்லை போலிருக்கிறது என்று நான் கிளம்பத் தயாரானேன், அவர் விடவில்லை. முதுகு, விலா, தோள் என்று நிதானமாக இறங்கிக்கொண்டே வந்தார், இடது முன்னங்காலின் மேல்பகுதிக்கு வந்தபோது பீப் என்றது. போட்ட இடத்திலேயே சிப் நிற்கும் என்பது நிச்சயமில்லை, தோலுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து தோளுக்கோ காலுக்கோ போய்விடுவது உண்டு. அவசரமாக ஒரே இடத்தில் மட்டும் பார்க்கிறவர் கையில் அந்த நாய் மாட்டியிருந்தால், சிப் இல்லாத நாய் என்றே முடிவாகியிருக்கும்.

திரையில் வந்தது 15 இலக்க எண், அவ்வளவுதான். பெயர், விலாசம், போன் நம்பர் எதுவும் சிப்புக்குள் கிடையாது. இது நிறையப் பேருக்குத் தெரியவில்லை, சிப் போட்டால் நாய் எங்கே இருக்கிறது என்று போனில் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்களையும் எனக்குத் தெரியும். அது ஜிபிஎஸ் வேலை, அதற்கு பேட்டரி வேண்டும், சார்ஜ் போட வேண்டும். மைக்ரோசிப்பில் பேட்டரியே இல்லை. அரிசி அளவு கண்ணாடிக் குப்பி, ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளம், உள்ளே ஒரு சின்னக் கம்பிச்சுருள். ஸ்கேனர் பக்கத்தில் வரும்போது அதன் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி அடங்கிவிடும். அந்த எண்ணை எந்தப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறோம், அதில் எந்த போன் நம்பர் இருக்கிறது என்பதில்தான் நாய் வீடு திரும்புவது இருக்கிறது.

இந்த நாயின் பதிவில் இருந்த நம்பர் உபயோகத்திலேயே இல்லை. நல்லவேளை, இரண்டாவது தொடர்பு என்று ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள், அது உரிமையாளரின் அக்காவுடையது. அவர் தம்பிக்குச் சொல்லி, தம்பி ஓடி வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. ராத்திரியெல்லாம் தெருத்தெருவாக அலைந்திருக்கிறார், குரலே கட்டிப்போயிருந்தது. நம்பர் மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது, பதிவில் மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை என்று சொல்லிவிட்டு நாயைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அவர் மட்டும் இல்லை. அமெரிக்காவில் காப்பகங்களுக்கு வந்த சிப் போட்ட விலங்குகளைப் பற்றி 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. தெருவில் கிடைத்த நாய்களில் மொத்தமாகச் சுமார் 22 சதவீதம்தான் வீடு திரும்பின, சிப் இருந்தவற்றில் 52 சதவீதம். சிப் இருந்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு முதல் காரணம் தப்பான அல்லது துண்டிக்கப்பட்ட போன் நம்பர். இங்கிலாந்தில் 2016-ல் நாய்களுக்கு சிப்பைக் கட்டாயமாக்கியபோது விவரங்களைச் சரியாக வைத்திருப்பதையும் சேர்த்தே கட்டாயமாக்கினார்கள், அது ரொம்பச் சரியான முடிவு.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எங்கள் நாய் மணியின் பதிவைத் திறந்து பார்த்தேன். என் நம்பர் சரி, விலாசம் பழையது, இரண்டாவது தொடர்பு காலி. உட்கார்ந்த இடத்திலேயே மாற்றினேன். சிப் போட்டவர்களே பதிவும் செய்திருப்பார்கள் என்று நம்பி இருந்துவிடாதீர்கள், படிவம் நிரப்பி அனுப்பாமலே விட்ட சிப்புகளும் இருக்கின்றன.

அப்புறம் டேக். சிப் இருக்கிறதே, டேக் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில், ராத்திரி பதினொரு மணிக்கு நாயைப் பிடித்து வைத்திருக்கிற பக்கத்துத் தெருக்காரரிடம் ஸ்கேனர் இருக்காது, போன் இருக்கும். அதனால் டேக்கில் போன் நம்பர்தான் பெரிதாக இருக்க வேண்டும், இடம் இருந்தால் இரண்டு நம்பர், நாயின் பெயர் அதற்கப்புறம். அச்சடித்த எழுத்து தேய்ந்துவிடும், பொறித்தது நிற்கும். கியூஆர் டேக் நல்லதுதான், ஆனால் அதிலும் நம்பரை எழுத்தாகவே பொறித்துக்கொள்ளுங்கள். மெல்லிய வளையத்தில் தொங்கும் டேக்கில் எனக்கு இனி நம்பிக்கை இல்லை, பட்டையோடு தட்டையாக வைத்து ரிவெட் அடிக்கிற வகையை மணிக்கு வாங்கிவிட்டேன். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகிற அளவு இடம் இருந்தால் போதும், அதற்கு மேல் தளர்ந்தால் பயந்து இழுக்கும்போது தலை வழியாகக் கழன்று வந்துவிடும். வளரும் குட்டிக்கு வாரா வாரம் பார்க்க வேண்டும். குளிப்பாட்டக் கழற்றுகிற பட்டையை உடம்பு காய்ந்ததும் மாட்டிவிடுங்கள், கதவு திறந்து கிடக்கிற ஒரு நிமிஷம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

போன வாரம் மணிக்குத் தடுப்பூசி. ஊசி போட்ட கையோடு சிப்பையும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள் டாக்டர் என்று கேட்டேன். தோளிலிருந்து வலது பக்கம் நான்கு விரல் தள்ளிப் போயிருந்தது, எண் அட்டையோடு பொருந்தியது. எந்த இடம் என்று அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.