அஞ்சு வாக்கியம், 608 மேற்கோள்

பிஎச்டி பண்ற பசங்க நிறைய பேரு ரெஃபரன்ஸ் லிஸ்ட்ட கடைசி ராத்திரி வேலையா வெச்சிருக்காங்க, அதனாலதான் இத எழுதுறேன். 1980 ஜனவரியில நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு லெட்டர் வந்துச்சு, மொத்தமே அஞ்சு வாக்கியம். ஆஸ்பத்திரியில ஓபியாய்டு மருந்து (அபின் வகைய சேர்ந்த வலி மருந்து) வாங்குன 11,882 பேர்ல, முன்னாடி அடிமைப் பழக்கம் இல்லாம புதுசா அடிமையானதா உறுதியா தெரிஞ்சது 4 பேருதான்னு சொல்லுச்சு. அவ்ளோதான். வீட்ல மாசக்கணக்கா மாத்திரை போடுறவங்களப் பத்தி அதுல ஒரு வார்த்த கூட கிடையாது.

ஆனா 2017ல கனடா ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பாத்தா அத 608 தடவ மேற்கோள் காட்டியிருக்காங்க, அதுல 72 சதவீதம் "அடிமையாகுறது அபூர்வம்"ங்கறதுக்கு ஆதாரமாவே, 80 சதவீதத்துக்கு மேல அந்த 11,882 பேரும் ஆஸ்பத்திரியில இருந்த நோயாளிங்கன்னே சொல்லல. ஆக்ஸிகான்டின்ங்கற ஓபியாய்டு மாத்திரை மார்க்கெட்டுக்கு வந்தப்புறம்தான் மேற்கோள் நல்லா ஏறியிருக்கு. அமெரிக்காவுல எத்தன குடும்பம் அந்த மாத்திரையால அழிஞ்சுதுன்னு நெனச்சா வயிறு எரியுது. இப்ப அந்த லெட்டர் மேலயே ஜர்னல் எச்சரிக்க போட்டு வெச்சிருக்கு.

முன்னாடி உழைச்சவங்களுக்கு மரியாத குடுக்க மட்டும் மேற்கோள் இல்ல, நாம சொல்றத படிக்கிறவங்க போய் சரிபாக்கத்தான். அடுத்தவங்க பேப்பர்லேந்து ரெஃபரன்ஸ அப்படியே தூக்கி ஒட்டாதீங்கப்பா, ஒரிஜினல தொறந்து யார வெச்சு எங்க பண்ண ஆய்வுன்னு பாருங்க, கிடைக்கலன்னா எந்த பேப்பர் வழியா தெரிஞ்சுதோ அதையும் சேத்து எழுதுங்க.