இறங்கும் முன் கரையில் பத்து நிமிடம்

நகரத்தை ஒட்டிய ஏரியோ ஆறோ என்றால் பலருக்குப் பயம் விட்டுப்போகிறது. சாலையும் வீடுகளும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் வரும் தைரியம் அது. ஆனால் இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும்போதே மேலே எங்கோ மதகைத் திறப்பார்கள், மட்டம் ஏறிவிடும். கரைக் கல்லில் நீர் தொடும் இடத்தில் ஒரு சுள்ளியை வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அது நனைந்து மிதந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம்.

பலத்த மழைக்குப் பிறகு குறைந்தது 48 மணி நேரம் குளியலைத் தள்ளிப் போடுங்கள். சாக்கடை நீரும் சேர்ந்து வந்திருக்கும். தெளிந்து தெரிவதால் சுத்தம் என்று அர்த்தமில்லை. காலில் காயம் இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியே ஏறும்.

ஏரியில் பச்சை படர்ந்திருந்தால் குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். நூல்நூலாகத் தொங்கினால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. பெயின்ட் போலக் குச்சியில் பூசிக்கொண்டு வந்தால் நச்சுள்ள நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். நாயையும் விடாதீர்கள்; அந்தத் தண்ணீரைக் குடித்தோ, நனைந்த ரோமத்தை நக்கியோ நாய்கள் செத்திருக்கின்றன.

கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் போகிறவர்கள் ஓட்டத்தின் வேகத்தை அளந்துகொள்ளலாம். கரையில் 10 மீட்டரைக் காலடியால் அளந்து, ஓர் இலையை விடுங்கள். 10 வினாடியில் கடந்தால் மணிக்கு 3.6 கிலோமீட்டர். நிதானமாகத் துடுப்பு போட்டால் 4, 5 கிலோமீட்டர்தான் போக முடியும், ஆக எதிர்த்துத் திரும்புவது கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்பது. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளும் விசை நான்கு மடங்கு. அதனால் தெம்பு இருக்கும்போதே ஓட்டத்தை எதிர்த்துப் போய், களைத்த பிறகு அதோடு திரும்புங்கள். ஏரியில் காற்றுக்கும் இதே கணக்கு.

எல்லாவற்றிலும் கொடியது தடுப்பணை. ஓராள் உயரம்கூட இருக்காது, சத்தமும் பெரிதாக இருக்காது. படகிலிருந்து பார்த்தால் ஆறு திடீரென ஒரு நேர்கோட்டில் முடிந்ததுபோல் தெரியும், அவ்வளவுதான். ஆனால் விழும் நீர் அடியில் பாய்ந்து, சற்றுத் தள்ளிப் பொங்கி எழுந்து, மேற்பரப்பில் சுவரை நோக்கியே திரும்பி ஓடுகிறது. சிக்கிய ஆளைச் சுவரடிக்கு இழுத்து, அமுக்கி, மறுபடி எழுப்பி, மறுபடி இழுக்கும். நுரையில் பாதி காற்று என்பதால் லைஃப் ஜாக்கெட்கூடச் சரியாகத் தூக்காது. கீழ்ப்பக்கமிருந்து நெருங்கினாலும் இதே கதி. காப்பாற்றப் படகில் போனவர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். நேர்கோடு தெரிந்ததுமே கரை ஏறி, படகைச் சுமந்து சுற்றிப் போங்கள்.

ஓட்டத்தில் விழுந்துவிட்டால் முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருக்கும்வரை எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் தண்ணீர் உடலைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். மல்லாந்து, பாதங்களை நீரோட்டத் திசையில் முன்னே உயர்த்தி வைத்து, கைகளால் கரைப்பக்கம் துழாவுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டின் வார்களை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காதுவரை ஏறினால் அளவு பெரிது. கரையில் இருப்பவரிடம் 15, 20 மீட்டர் மிதக்கும் கயிறு இருக்கட்டும். கயிற்றை வீசுகிறவர் நுனியைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, சும்மா பிடித்திருக்க வேண்டும். அப்போதுதான் தன்னையும் இழுத்தால் விட்டுவிட முடியும்.